ஈயப்பெட்டிக்குள் இருந்தவை

2007 ஜூன் மாதம். அமெரிக்காவின் தென்கோடியில், ஃபுளோரிடா மாநிலத்தின் கீ வெஸ்ட் தீவுக்கு மேற்கே, ஆழம் குறைந்த கடலின் மணலுக்குள்ளிருந்து ஒரு சின்ன ஈயப்பெட்டியை எடுத்தார்கள். ஒரு சாண் நீளம்கூட இல்லாத பெட்டி. ஆய்வுக்கூடத்தில் வைத்துத் திறந்தபோது உள்ளே சேறும், அந்தச் சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான முத்துகளும் இருந்தன. 1622 செப்டம்பரில் புயலில் மூழ்கிய சாந்தா மார்கரிதா என்ற ஸ்பானியக் கப்பலின் சரக்கு அது. 385 ஆண்டுகள் கடலடியில் கிடந்தும் முத்துகள் பலவற்றில் ஒளி மங்கவில்லை. மதிப்பு பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று அன்றைய செய்திகள் எழுதின.

அந்தப் படத்தை ஒரு நாள் வகுப்பில் காட்டினேன். முத்தைப் பற்றிய பாடல்களை நடத்திக்கொண்டிருந்த நேரம். பெயரிலேயே முத்தை வைத்திருக்கும் ஒரு மாணவி கேட்டாள்: "மேம், இவ்வளவையும் யாருக்காகக் கொண்டு போனாங்க?" நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்: "ஐரோப்பிய ராணிகளுக்கு, பிரபுக்களின் மனைவிமாருக்கு." மணி அடித்தது, வகுப்பு முடிந்தது. அந்தப் பதில்தான் முடியவில்லை. முத்து என்றதும் கேட்டவளுக்கும் சொன்னவளுக்கும் ஒரு பெண்ணின் கழுத்துதான் நினைவுக்கு வந்திருக்கிறது. கடலில் இறங்கி அதை எடுத்தவர் நினைவுக்கு வரவில்லை. எடுத்தவருக்குச் சோறு போட்டவர் வரவே இல்லை. அந்த அவசரப் பதிலைத் திருத்துவதற்காக எழுதுவதுதான் இந்தக் கட்டுரை.

முத்து கல் இல்லை. உயிருள்ள ஒரு சிப்பி தன் உடலிலிருந்து சுரந்து, படலம் படலமாகப் படியவைத்த சுண்ணாம்பு. வியர்வையும் அமிலமும் அதை அரித்துவிடும். வெயிலில் காய்ந்தால் நிறம் போகும். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரும் முத்துமாலை மெல்ல மெல்லச் செத்துக்கொண்டே வருகிறது என்று சொன்னால் நகைக்கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் உண்மை அதுதான். யாருடைய கழுத்திலும் ஏறாமல், காற்றும் வெளிச்சமும் படாமல், ஈயத்துக்குள் சேறோடு சேறாகக் கிடந்ததால் அந்த முத்துகள் பிழைத்தன.

கப்பலின் பெயரைப் பாருங்கள். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் மார்கரிதா என்ற சொல்லுக்கு முத்து என்றே பொருள். புனிதை ஒருத்தியின் பெயராகி, அரசகுமாரிகளின் பெயராகி, கப்பலின் பெயராகவும் ஆனது. இன்றைய வெனிசுவேலாவின் வடகரைக்கு அருகே ஒரு தீவுக்கும் அதே பெயர். பெட்டியிலிருந்த முத்துகள் அந்தத் தீவை ஒட்டிய கடலிலிருந்து வந்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முத்து என்ற பெயருள்ள தீவில் எடுத்த முத்தை, முத்து என்ற பெயருள்ள கப்பல் ஏற்றிச் சென்றிருக்கிறது. பெண்பெயர் இத்தனை இடத்தில் இருக்கிறது. பெண்கள் எங்கே?

முதலில் அவர்கள் கரையில் இருந்தார்கள். 1498 ஆகஸ்டில், தன் மூன்றாம் பயணத்தில், கொலம்பஸ் பாரியா வளைகுடாவை அடைந்தபோது அங்கிருந்த மக்களின் கைகளில் முத்துச்சரங்களைக் கண்டார். எங்கிருந்து கிடைத்தவை என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று. கோமாரா என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். கழுத்தில் முத்துச்சரம் அணிந்த ஒரு பெண்ணைக் கண்ட மாலுமி, வண்ணம் தீட்டிய தன் மண்தட்டை உடைத்து, அந்தச் சில்லுகளைக் கொடுத்துச் சரங்களை வாங்கிக்கொண்டானாம். கோமாரா அமெரிக்காவுக்கே போகாதவர், கேட்டதை வைத்து எழுதியவர். அதனால் காட்சி அப்படியே நடந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஏமாளிப் பெண் என்று சிரிப்பதற்காகச் சொல்லப்பட்ட கதை அது. ஆனால் ஒன்றை யோசிக்கலாம். முத்து அவள் வீட்டு வாசலில் விளைவது. சிப்பியைத் தின்பதற்காகத் திறந்தால் கிடைப்பது. பளபளக்கும் நீலப் பூச்சுள்ள தட்டுச் சில்லு அவள் கடலில் கிடையாது. எது அரிது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அரியதற்கு விலை வைக்கும் அதிகாரம் மட்டும் கொஞ்ச நாளில் அவளிடமிருந்து போய்விட்டது.

மார்கரிதாவுக்குத் தெற்கே குபாகுவா என்று ஒரு வறண்ட சிறு தீவு. குடிக்க நன்னீர் கிடையாது. எதிர்க்கரையின் குமானா ஆற்றிலிருந்து தண்ணீரும், மார்கரிதாவிலிருந்து விறகும் வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், சிப்பிப் பார்கள் இருந்த ஒரே காரணத்துக்காக, ஸ்பானியர் ஓர் ஊரைக் கட்டினார்கள். 1528இல் அது நுவேவா காதிஸ் என்ற பெயரோடு நகரத் தகுதி பெற்றது. எடுக்கும் முத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. மூழ்கி எடுப்பவர்கள் அடிமைகள். பஹாமாஸ் தீவுகளின் லுக்காயர் நீந்துவதில் வல்லவர்கள் என்பதால் கூட்டம் கூட்டமாகப் பிடித்துவரப்பட்டார்கள். சாதாரண அடிமைக்குக் கிடைக்காத விலையாக, 100, 150 பொற்காசு வரை கொடுத்து அவர்களை வாங்கினார்கள். சில பத்தாண்டுகளில் அவர்களுடைய தீவுகள் ஆளில்லாத தீவுகளாயின.

பர்த்தொலோமே தெ லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார் 1552இல் அச்சிட்ட நூலில் இந்தக் குளியாளிகளின் ஒரு நாளை எழுதினார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நீரில் இருக்க வேண்டும். மூச்சு வாங்க மேலே வந்து சற்று நின்றால் தோணியில் இருக்கும் மேற்பார்வையாளன் அடிப்பான். இரவில் தப்பிவிடாதபடி பூட்டிவைப்பார்கள். உப்பேறிய முதுகு புண்ணாகும், தலைமயிர் நிறம் மாறிக் கருகும், வாயால் இரத்தம் கக்கிச் சாவார்கள், அதற்குத் தப்பினவர்களைச் சுறா கொண்டுபோகும். படித்துவிட்டு எளிதில் மறக்க முடியாத பக்கங்கள் அவை. உணவைப் பற்றியும் சொல்கிறார்: சிப்பிக்கறியும் மரவள்ளி அப்பமும், அதுவும் வயிறு நிறையக் கிடையாது.

அந்த அப்பத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அந்தப் பகுதியின் மரவள்ளி நம் தெருவில் வேகவைத்து விற்கும் கிழங்கைப் போன்றது அல்ல. நச்சுச் சாறுள்ள கசப்பு வகை. தோல் சீவி, சொரசொரப்பான பலகையில் துருவி, நீண்ட ஓலைக் குழலில் திணித்துப் பிழிந்து, சாறு முழுவதும் போன பிறகு மாவைச் சலித்து, அகன்ற மண்சட்டியில் பரப்பிச் சுட வேண்டும். பிழிவது சரியில்லை என்றால் தின்றவர் சாவார். கரீபியக் கரைகளில் இது தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் வேலை. நுவேவா காதிஸில் ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கெழுத அரசு அதிகாரி இருந்தார். ஒரு கிராம் முத்தும் தப்பக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை அப்பம் சுட்டார்கள், எத்தனை பெண்களின் விரல் அந்தப் பலகையில் தேய்ந்தது என்பதற்கு ஏடு வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடிமை முறையைக் கண்டித்த பாதிரியாரின் நூலிலும் அப்பம் இருக்கிறது, சுட்ட கை இல்லை. ஆனால் அந்த அப்பம் இல்லாமல் ஒருவர்கூட இரண்டாம் முறை மூழ்கியிருக்க முடியாது.

இனி எனக்குச் சங்கடமான பகுதி.

மார்கரிதா தீவைக் குடியேற்றி ஆளும் உரிமையை 1525இல் ஸ்பானிய அரசு மார்செலோ தெ வில்லலோபோஸ் என்ற நீதிபதிக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். உரிமை அவருடைய மகள் அல்தோன்சாவுக்குப் போனது. அவள் அப்போது சிறுமி. 1527இல் அரசு அதை உறுதிசெய்தபோது, மகள் வளரும்வரை தாய் இசபெல் மான்ரிக்கே பொறுப்பேற்றார். அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பிய ஆட்சியில் ஆளுநர் பதவி வகித்த முதல் பெண்கள் இவர்கள் என்று வெனிசுவேலாவில் பெருமையாகச் சொல்கிறார்கள். முதன்முதலில் படித்தபோது எனக்கும் சிலிர்த்தது. பெயரைக் குறிப்பேட்டில் எழுதி இரண்டு கோடு போட்டுவைத்தேன். பெண்ணிய வரலாறு படிக்கும் நம் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. "முதல் பெண்" என்று எங்கே பார்த்தாலும் கோடு போடுவோம்.

பிறகுதான் கேட்டுக்கொண்டேன்: அவள் பெயரில் இருந்தது என்ன? ஒரு தீவு. அதன் கால்நடை, அதன் வயல், அதைச் சுற்றியிருந்த கடல். தந்தையின் சொத்தாக வந்து, திருமணமானதும் கணவர் அவள் பெயரால் நிர்வகித்த உரிமை அது. ஆணாதிக்கம் அவளையும் ஒரு கைமாற்றுச் சீட்டாகத்தான் வைத்திருந்தது, சரி. ஆனால் அந்தச் சீட்டில் எழுதியிருந்த தொகை, பக்கத்துத் தீவில் தலைமயிர் கருகிச் செத்துக்கொண்டிருந்தவர்களின் உழைப்போடு சேர்ந்தது. அல்தோன்சாவின் பெயரை நான் அடித்துவிடவில்லை. கோட்டை மட்டும் அழித்துவிட்டேன்.

அதே தீவில், ஏறத்தாழ அதே காலத்தில், இன்னொரு இசபெல் இருந்தாள். குவாய்க்கெரி என்ற பழங்குடியின் தலைவிக் குடும்பத்தைச் சேர்ந்தவள். இசபெல் என்பது திருமுழுக்கில் வந்த பெயர். அவளுடைய தாய் அழைத்த பெயர் ஏட்டில் இல்லை. ஸ்பானியப் படைத்தலைவன் ஒருவனுக்கு அவள் பெற்ற மகன் பிரான்சிஸ்கோ ஃபஹார்தோ, பின்னால் கராகஸ் பள்ளத்தாக்கை நோக்கிப் படையெடுத்துப் போனவன். தாய்வழி உறவும் தாய்மொழியும்தான் அவனுக்கு வழி திறந்தன. குவாய்க்கெரியர் ஸ்பானியரோடு உடன்பாடு செய்துகொண்டவர்கள், அதனால் அடிமையாக்கப்படாமல் தப்பியவர்கள். ஒரே கடற்கரையில் ஒரு பழங்குடி தோணியோடு பிழைத்தது, இன்னொன்று தோணிக்கடியில் அழிந்தது. "பழங்குடிப் பெண்" என்று ஒருமையில் எழுதுவதற்கு முன் இதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு இசபெல்களும் சந்தித்துப் பேசியிருந்தால் எந்த மொழியில் பேசியிருப்பார்கள் என்று ஒரு கவிதை எழுதப் பார்த்தேன். வரவில்லை.

பார்கள் வெறுமையாகின. சிப்பிக்கு வளர நேரம் கொடுக்காமல் வாரியதன் விளைவு. 1541இன் இறுதியில் புயல் வந்து நுவேவா காதிஸைத் துடைத்தெடுத்தபோது, ஊர் ஏற்கெனவே பாதி காலி. 1542இன் புதிய சட்டங்கள் சுதந்திரமான இந்தியரைக் கட்டாயமாக முத்துக்குளிக்க அனுப்புவதற்கு மரண தண்டனை விதித்தன. முத்தின் வருமானத்தைவிட அவர்கள் உயிர் பெரிது என்று அரசர் பெயரால் எழுதப்பட்டது. நல்ல வாசகம். தோணியில் அவர்களுடைய இடத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கிவந்த அடிமைகளை ஏற்றினார்கள். ஈயப்பெட்டி நிரம்பிய காலத்தில் மார்கரிதாவைச் சுற்றி மூழ்கியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இத்தனைக்கும் குற்றம் யார்மேல் வந்தது? பெண்ணின் ஆசைமேல். இது பழைய பாட்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அரேபியாவுக்கும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்ச் சேர்கிறதே என்று வருந்தினார். நம் ஆடம்பரமும் நம் பெண்களும் நமக்கு இவ்வளவு செலவு வைக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. கப்பலின் சொந்தக்காரர், வட்டிக்குக் கொடுத்தவர், சுங்கம் வாங்கியவர் எல்லோரும் ஆண்கள். கழுத்து மட்டும் பெண்ணுடையது. 16ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் முத்துகளால் மூடப்பட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முத்து ஆசை அல்ல, அரசியல். மணமாகாத ராணியின் கன்னிமைக்கு அது சாட்சி. 1568இல் ஸ்காட்லாந்து ராணி மேரி சிறைப்பட்டு நின்றபோது அவளுடைய புகழ்பெற்ற முத்துச்சரங்களை எலிசபெத்தே விலைக்கு வாங்கினாள். பின்னால் அந்தக் கழுத்தை வெட்டும் ஆணையிலும் அவளே கையெழுத்திட்டாள். எலிசபெத் என்பதும் இசபெல் என்பதும் ஒரே பெயரின் இரண்டு வடிவங்கள்தாம்.

என் மாணவி கேட்காத, நான் சொல்லாமல் விட்ட ஒரு தொடர்பும் இருக்கிறது. 1580 முதல் 1640 வரை போர்த்துகலும் ஸ்பெயினும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. எனவே 1622இல் மார்கரிதாவின் முத்துக்கும் நம் மன்னார் வளைகுடாவின் முத்துக்கும் பங்கு வாங்கியவர் ஒருவரே, நான்காம் பிலிப். நம் கரையில் மூழ்கிய பரதவர் அடிமைகள் அல்ல. 1530களில் திருமுழுக்குப் பெற்ற பிறகும் தமக்கென்று சாதித் தலைவரைக் கொண்டிருந்தவர்கள். சலாபத்துக்கு வரி உண்டு, கடன் உண்டு, கொள்ளையும் உண்டு. ஆனால் விலைச்சீட்டுக் கழுத்தில் தொங்கவில்லை. அந்த வேறுபாட்டைக் குறைத்துச் சொல்வது மார்கரிதாவில் செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். இன்னொன்றும் சொல்வார்கள் நம் பக்கத்தில்: குளிப்பவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பானாம், அக்காளோ தங்கையோ தாலியறுக்கக் கூடாதென்று கண்ணிமைக்காமல் இருப்பானாம். கேட்க நன்றாக இருக்கும். மூழ்குகிறவனுக்கும் கயிறு பிடிப்பவனுக்கும் இடையில் பிணையாக வைக்கப்பட்டது ஒரு பெண்ணின் தாலி. இங்கேயும் அவள் கரையில்தான்.

1622 செப்டம்பர் 4 அன்று ஹவானாவிலிருந்து 28 கப்பல்கள் ஸ்பெயினுக்குப் புறப்பட்டன. புயற்பருவத்தில் இவ்வளவு தாமதமாகக் கிளம்பக் கூடாது. அரசுக்குப் பணமுடை, போர்ச் செலவு, எனவே கிளம்பின. மறுநாளே சூறாவளி. ஃபுளோரிடாவின் மணல்திட்டுகளில் சாந்தா மார்கரிதாவும், அதன் கண்ணெதிரே அதோச்சா என்ற இன்னொரு பெரிய கப்பலும் மூழ்கின. அதோச்சாவில் இருந்த 265 பேரில் பிழைத்தவர்கள் 5 பேர். அவர்களில் 2 பேர் அடிமைகள்.

1626இல் பிரான்சிஸ்கோ நூன்யெஸ் மெலியான் என்ற ஹவானாக்காரர், புதையலை மீட்க அரசிடம் குத்தகை எடுத்து வந்தார். ஆள் உள்ளே தலையை நுழைத்து மூச்சு விடுவதற்காக வெண்கலத்தில் பெரிய மணி ஒன்றை வார்த்திருந்தார். கப்பலை முதலில் கண்டுபிடிக்கும் அடிமைக்கு விடுதலை என்று அறிவித்தார். அந்த ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கட்டியோடு மேலே வந்தவர் ஹுவான் பன்யோன். விடுதலை பெற்றார். இந்த முத்து வரலாறு முழுவதிலும், மூழ்கியவர்களில் பெயரோடு நமக்குக் கிடைப்பவர் அநேகமாக இவர் ஒருவரே. கண்டெடுத்த வெள்ளிக்குக் கணக்கு எழுதியதால் அவர் பெயரும் கணக்கோடு வந்துவிட்டது. அவர் தேடிய அதே கப்பலின் ஈயப்பெட்டி மணலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நம் காலத்தில் அந்தக் கடலில் பெண்களும் இறங்கினார்கள். சாந்தா மார்கரிதாவை 1980இல் கண்டுபிடித்தவர் என்று மெல் ஃபிஷரைச் சொல்வார்கள். அவர் மனைவி டோலரஸ் ஃபிஷர், 1959இல் 50 மணி நேரத்துக்கும் மேல் நீருக்கடியில் இருந்து பெண்களுக்கான உலக சாதனை படைத்தவர். 1975 ஜூலையில் தேடலின் நடுவே படகு கவிழ்ந்து அவர்களின் மகன் டர்க், மருமகள் ஏஞ்சல், இன்னொரு மூழ்காளர் என மூவர் இறந்தார்கள். டோலரஸ் அதன் பிறகும் தேடலை விடவில்லை. தானாக விரும்பி மூழ்குவது, மூச்சுக்கருவியோடு மூழ்குவது, மேலே வந்தால் துவாலையோடு ஆள் நிற்பது. ஒரே கடல்தான்.

அடுத்த பருவத்தில் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். அப்பம் சுடும் முறையைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, கப்பக்கிழங்கில் கசப்பு வந்தால் அவள் ஆச்சி முதல் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வாள் என்றாள். அதை அடுத்து வகுப்பு முழுவதும் கிழங்கைப் பற்றியே போனது. எந்த ஊரில் எப்படி வேகவைப்பார்கள், எவ்வளவு நேரம் ஊறவைப்பார்கள், நஞ்சு என்று ஆச்சிக்கு எப்படித் தெரியும். முதலில் கேள்வி கேட்ட மாணவி காதில் முத்துத்தோடு போட்டிருந்தாள், கல்லூரி வாசல் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முத்து. அவள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கழற்றவில்லை. குறிப்பேட்டில் அல்தோன்சா, இசபெல், இசபெல் என்று மூன்று பெயர்களை எழுதி, கீழே நிறைய இடம் விட்டிருந்தாள்.